நாலு மணி இரைச்சல்

"மெயினை அணைச்சா அண்ணன் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார், அண்ணி."

"அதுக்குத்தான் அவரை மருந்துக் கடைக்கு அனுப்பிட்டு உங்களைக் கூப்பிட்டேன். வர அரைமணி ஆகும். அணைங்க தம்பி."

கடிகாரம் பழுது பார்ப்பவர் தயங்கினார். அந்தப் பக்கத்தில் அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். மற்றவர் இந்த வீட்டு ஆன்டெனா அண்ணன். பட்டப்பெயருக்கு ஏற்ற உயரம். யார் வீட்டு மிக்ஸி ரேடியோவைக் கெடுக்கிறது என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரின் ரேடியோவிலேயே நாற்பது நாளாக இரைச்சல். மூன்றரைக்குத் தொடங்கும், ஐந்து மணிக்கு நிற்கும்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!" என்றார்.

அண்ணி சிரிக்கவில்லை.

"கேட்டா தெருக்கம்பிங்கிறார், எதிர்வீட்டு லிஃப்ட்ங்கிறார். எனக்கு வியாழக்கிழமை இதயத்துல ஆபரேஷன், தம்பி. மயக்க ஊசி போடறதுக்குள்ள சின்னவன் குரலை ஒரே ஒரு தடவை கேட்டுடணும். இந்த இரைச்சலுக்கு அடியில தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருப்பான், பாவம்."

சின்னவன் அவளுடைய தம்பி. நடுக்கடல் தீவில் ஒரு வானிலை நிலையம்; அதில் அவன் ஒருவன்தான். தொலைபேசி கிடையாது. மாதத்துக்கு ஒரு படகு. பதினோரு வருடமாகத் தினமும் நாலு மணி அடித்த உடனே, "அக்கா, சாப்பிட்டியா?" என்று ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் அவனுக்கு மறு வேலை.

இப்போது அந்த ரேடியோவில் தகரத்தின் மேல் மணலைக் கொட்டுவதுபோல் ஒரே சத்தம்.

கடிகாரக்காரர் ரேடியோவைக் கார் பேட்டரியில் இணைத்தார். "மெயின் போனாலும் இது பாடும். அப்பவும் இரைச்சல் இருந்தா வெளியில இருந்து வருது. நின்னுட்டா, திருடன் வீட்டுக்குள்ளதான்."

மாடிப்படிக்கு அடியில் இருந்த மெயினை அணைத்தார்.

"நின்னுடுச்சு!" அறையிலிருந்து அண்ணி கூவினாள். சின்னப் பெண்ணின் குரல்போல் இருந்தது.

"அப்ப உள்ளேதான்! இனி ஒவ்வொரு அறையா கரண்ட் கொடுக்கிறேன். சத்தம் திரும்பினா சொல்லுங்க."

எல்லா அறைச் சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு மெயினைப் போட்டு, சமையலறைச் சுவிட்சை மட்டும் தட்டினார். ஒரு நிமிடம் பொறுத்தார்.

"வருதா?"

"இல்லை!"

கூடம். படுக்கையறை. குளியலறை.

"வருதா?"

"இல்லை."

ஐந்தாவது சுவிட்சைத் தட்டியபோது தலைக்கு மேலிருந்த சுவர்க்கடிகாரம் நாலு அடித்தது. அவரே பழுது பார்த்துக் கொடுத்த கடிகாரம். ஒரு நொடி பிசகவில்லை என்று மனதுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டு ஆறாவதற்குப் போனார்.

"இப்ப?"

பதில் வரச் சற்று நேரமாயிற்று. "இல்லை." காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

ஏழாவது, சாமான் அறை. சுவிட்ச் விழுந்ததுதான் தாமதம், மணல் மறுபடி கொட்டத் தொடங்கியது.

"பிடிச்சுட்டேன்!" கையடக்க ரேடியோவோடு சாமான் அறைக்குள் பாய்ந்தார். அலமாரிப் பக்கம் போகப் போக அது அலறியது. உச்சித் தட்டில் பழைய சூட்கேஸுக்குப் பின்னால் ஒரு மட்டமான சார்ஜர். அதன் ஒயர், ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளைச் சுற்றிச் சுற்றி, சீராகப் பின்னலிட்டது போல் கட்டப்பட்டிருந்தது. சார்ஜரோடு, மூன்றரைக்குப் போட்டு ஐந்துக்கு அணைக்க ஒரு டைமர்.

அந்த டைமரை அவருக்குத் தெரியும். 'தண்ணி மோட்டாருக்கு' என்று சொல்லி, ஆன்டெனா அண்ணன் அவர் கடையில்தான் சரிசெய்து வாங்கிப் போயிருந்தார்.

"கழட்டாதே."

வாசலில் அண்ணன் நின்றிருந்தார். கையில் மருந்துப் பை.

"அண்ணே, நீங்களேவா?"

"மெதுவாப் பேசுடா." கதவைச் சாத்தினார். "மாசப் படகுல கடுதாசி வந்துச்சு. படகு போறதுக்கு முந்தின நாள், புயல்ல சாஞ்ச ஆன்டெனா கம்பத்தை நிமிர்த்தப் போயிருக்கான். அது அவன் மேலேயே... படகுக்காரங்க அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க." அண்ணன் அலமாரியின் உச்சித் தட்டைப் பார்த்தார். "இப்ப சொன்னா அவ இதயம் தாங்காதுடா. ஆபரேஷன் முடியற வரைக்கும் அந்த இரைச்சலுக்கு அடியில அவன் பேசிக்கிட்டே இருக்கட்டும்."

கடிகாரக்காரர் சூட்கேஸைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார்.

அண்ணி ரேடியோவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க அண்ணி. தெருக்கம்பிதான் போலிருக்கு. நம்ம கையில இல்லை." ரேடியோவைப் பார்த்தே சொன்னார்.

"பரவாயில்லை தம்பி. உங்களால ஆனதைச் செஞ்சீங்க."

அண்ணன் மருந்துக்குத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனார். அண்ணி கடிகாரக்காரரை வழியனுப்ப வாசல்வரை வந்தாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் பொய் சொல்ல வரலை தம்பி. நாலு மணி அடிச்சப்புறம் ரெண்டு நிமிஷம் ரேடியோ மழை விட்ட மாதிரி சுத்தமா இருந்துச்சு. அக்கான்னு யாரும் கூப்பிடலை."

அவர் செருப்பை மாட்டக் குனிந்தார்.

"அந்த இரைச்சல் அப்படியே இருக்கட்டும்," என்றாள் அண்ணி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிய வேணாம். பாவம், அவர் இதயம் தாங்காது."