ஊதச் சொன்னது யார்?

அலைக் கண்காணிப்பு நிலையத்தின் இயக்குநர் கூப்பிடுகிறார் என்றதும் அலை ஆய்வாளருக்குக் காரணம் புரிந்துவிட்டது. நேற்று அவரைக் கேட்காமலே அபாயச் சங்கை ஊதியவள் அவள்தான். ஊரே அலறியடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. வந்த அலையோ கணுக்காலைக்கூட நனைக்கவில்லை.

"மேலிடத்து அனுமதி வாங்கித்தான் ஊதணும். நிர்வாகத்துல இது அரிச்சுவடி, தெரியுமில்ல?" என்றார் இயக்குநர்.

"தெரியும் சார். ஆனா பேரலையும் நடுக்கடல்ல சின்னதாத்தான் தெரியும். கரைக்கு வந்துதான் எழும்பும். அதுவரைக்கும் காத்திருந்தா ஓட நேரமிருக்காது."

"மலை மாதிரி அலையெல்லாம் கதையிலதான் வரும்னு மேலிடத்துல சிரிக்கிறாங்க. இதுக்கு யாராவது ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பியே ஆகணுமாம்."

அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அவர் அதை அவள் பக்கமே நகர்த்தினார். "ஊதச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டேம்மா. இன்னியோட எனக்கு இங்க வேலை இல்ல."

"ஏன் சார்?" என்றாள்.

"நிர்வாகம் படிச்சவங்க எத்தனையோ பேர் கிடைப்பாங்க. அலையைப் படிக்கத் தெரிஞ்சவங்க இங்க நீங்க ஒருத்தர்தான்." எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். "புதுசா வர்றவர்கிட்டயும் அனுமதி கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."