ஆறாவது மெக்கானிக்

“தம்பி, கொஞ்சம் வெளியே வாங்க. உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும்.”

வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக்கின் காதில் குரல் மட்டும்தான் விழுந்தது. முதுகால் நகர்ந்து வெளியே வந்தவன், எழுந்ததும் கையைத் துடைக்கக்கூட மறந்து நின்றுவிட்டான். ஷெட் வாசலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். கரும்பச்சை நிறம், வயது முப்பதுக்குக் குறையாது. அதன் பக்கத்தில் ஒரு பெரியவர். கொஞ்சம் தள்ளி, கைப்பையை மார்போடு அணைத்தபடி அவர் மனைவி.

அவன் சொந்தமாக ஷெட் போட்டு எட்டு மாதம் ஆகிறது. இதுவரை வந்ததெல்லாம் வேனும் சரக்கு ஆட்டோவும்தான். இப்படி ஒரு வண்டியைத் தொடும் ஆசையில்தான் பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தான். இது மட்டும் வாடிக்கையாகிவிட்டால் போதும் என்று மனம் குதித்தது.

“அஞ்சு கராஜ் பாத்தாச்சு” என்றார் பெரியவர். “நான் ரிட்டயரான பல் டாக்டர். முப்பது வருஷம் பல்லைப் பிடுங்கினவன். தேறாதுன்னா தேறாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். ஆனா இந்த அஞ்சு பேர் இருக்காங்களே, எல்லாரும் ஒரே பாட்டு! ஒருத்தரும் சரிப்பட்டு வரல.”

“புரியுது சார். எங்க தொழில்ல அப்படியும் ஆளுங்க இருக்காங்க.”

“நீங்க அப்படி இருக்க மாட்டீங்கன்னு நம்பி வந்திருக்கேன். வண்டி இருமுது, குலுங்குது. நல்லாப் பாருங்க. முடிஞ்சு போச்சுன்னா முடிஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க. எனக்காகத் தயங்காதீங்க, நான் தாங்கிப்பேன்.”

“இதுதான் கடைசி” என்று குறுக்கிட்டார் மனைவி. “ஆறாவது மெக்கானிக் என்ன சொல்றாரோ அதுதான் முடிவுன்னு பேசியாச்சு. அப்புறம் மறுபேச்சு கிடையாது.”

“ஆமா தம்பி. தேறாதுன்னு நீங்க சொல்லிட்டா, இன்னிக்கே வித்துடறதா ஏற்பாடு.” டாக்டர் வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. அவன் பார்க்காத வீட்டுச் சண்டையா! ஐயாவுக்கு வண்டிமேல் உயிர், அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டான்.

பானெட்டைத் தூக்கினான். பெல்ட்டையும் ரேடியேட்டரையும் பார்த்தான். டார்ச்சோடு அடியில் புகுந்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டித் தட்டித் துருவைத் தேடினான். டாக்டர் நிழல் மாதிரி கூடவே வந்தார்.

“அங்க துரு இருக்குமே?”

“இல்ல சார், இரும்பு கல்லு மாதிரி இருக்கு.”

“ஆயில் ஒழுகலையா? நல்லாப் பாருங்க.”

“ஒரு சொட்டுகூட இல்ல சார்.”

பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட இத்தனை கேள்வி கேட்பார்களா என்று அவன் வியந்துபோனான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது வியப்பு இன்னும் கூடியது.

“பிரேக் கட்டை தேயவே இல்ல சார்! எவ்வளவு பக்குவமான கை!”

டாக்டர் பெருமூச்சு விட்டார்.

கோளாறு கடைசியில் அகப்பட்டது. மூன்றாவது ஸ்பார்க் பிளக்கின் வயர் பாதி கழன்று தொங்கியது. அதை அழுத்திச் செருகிவிட்டு ஸ்டார்ட் செய்தான். இருமல் போன இடம் தெரியவில்லை.

“இது தானாக் கழன்றதில்ல சார்” என்றான் கோபத்தோடு. “யாரோ வேணும்னே இழுத்து விட்டிருக்காங்க. போன கராஜ்காரன் வேலையாத்தான் இருக்கும். மறுபடியும் உங்களை வரவழைக்கத்தான்.”

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மெக்கானிக்குக்குக் கொஞ்சம் சபலம் தட்டியது. இன்ஜினை இறக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு மாதம் இந்த அழகு அவன் ஷெட்டிலேயே நிற்கும். ஆனால் இல்லாத கோளாறைப் பில்லில் எழுதச் சொன்னார்கள் என்றுதானே பழைய கம்பெனியில் சண்டை போட்டுவிட்டு வந்தான்? வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினான்.

டாக்டர் நெருங்கி வந்து அவன் தோளைத் தொட்டார். “தம்பி, எனக்கு என்ன வேணும்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். அவ காதுல விழற மாதிரி சத்தமாச் சொல்லுங்க.”

அவர் கண்ணில் தெரிந்த கெஞ்சலைப் பார்த்து மெக்கானிக்கின் நெஞ்சு இளகிவிட்டது. இந்த மனுஷனைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தான்.

“அம்மா!” என்றான் ஷெட் அதிர. “வண்டியில ஒரு குறையும் இல்லம்மா. இன்னும் பத்து வருஷம் தாராளமா ஓடும். அதுக்கு நான் பொறுப்பு!”

சொல்லிவிட்டுத் திரும்பினால், டாக்டர் அங்கே கிடந்த பழைய டயர்மேல் தொப்பென்று உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்தில் கால் ஓய்ந்துவிட்டது போலும். உண்மை பேசியதில் இப்படி ஒரு நிறைவு இருக்கிறதே என்று மெக்கானிக்குக்குப் பெருமையாக இருந்தது.

“இனிமே நம்ம கராஜ் இதுதாங்க!” மனைவியின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. “மாசா மாசம் இங்கதான் கொண்டு வரப்போறேன் தம்பி.”

கைப்பையைத் திறந்து தோல் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டவர், ஸ்டீயரிங் பக்கம் போய் ஏறினார். இன்ஜின் சீறியது.

“ஏங்க, ஏறுங்க! மலை ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்!”

டாக்டர் எழுந்து வந்து மெக்கானிக்கின் கிரீஸ் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“அவ பிரேக்கைத் தொடவே மாட்டா. கல்யாணமான நாள்லேருந்து கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் அவ பக்கத்துல உக்காந்து போறேன், தம்பி. ஒவ்வொரு தடவையும் வயரை வேற நானே இழுத்து விட்டுட்டு ஆறு கராஜ் ஏறி இறங்கிட்டேன்” என்றார் அழாத குறையாக. “எனக்காக ஒரு பொய் சொல்ல இந்த ஊர்ல நம்பிக்கையான ஆள் ஒருத்தர்கூட இல்லையே!”