ஓட்டைக் கீரை

சூரமங்கலம் இயற்கைச் சந்தையில் உஷாராணி தண்டுக்கீரையைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, ஒரு ஓட்டைகூட இல்ல. புழு தொடலன்னா மருந்து அடிச்சதுதான். வீடியோவுல சொன்னாங்க."

"வேப்பெண்ணெய் தெளிக்கிறதோட சரிங்க" என்றாள் பாவாயி.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

அன்று பாவாயியின் கூடை விற்காமலே ஓமலூர் திரும்பியது.

அடுத்த ஞாயிறு இலைக்கு நாலு ஓட்டை. உஷாராணி ஐந்து கட்டு வாங்கினாள். "இப்பத்தான் திருந்தியிருக்க."

"நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

அத்தனை ஓட்டையும் அச்சடித்த மாதிரி ஒரே வட்டம். எந்தப் புழு அளவெடுத்துத் தின்னும் என்று அந்த மெத்தப் படித்தவளுக்குத் தோன்றவில்லை.

வீடு திரும்பிய பாவாயி, மகள் காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினைக் கவிழ்த்துத் தட்டினாள். உதிர்ந்த பச்சைப் பொட்டுகளை ஆட்டுக்கு வைத்தாள்.

நல்ல கீரை எதுவென்று ஆட்டுக்குத் தெரியும். அது வீடியோ பார்ப்பதில்லை.