முக்கில் கேட்கும் சத்தம்

இந்தக் காலத்தில் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு ஒரு சாயா குடித்து வந்தால், சாவி ஒன்றுதான் நம்முடையதாக மிஞ்சும். சிகாபுதீன் அதற்கெல்லாம் ஆளில்லை. தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூலை பானட்டுக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு, மெக்கானிக் சுடலைமணியின் விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“பாய், கொஞ்சம் தள்ளி இருங்க. ஒங்க தாடி பெல்ட்ல மாட்டிக்கிடப் போவுது.”

“மாட்டட்டும். ஒண்ணு கழட்டறேன்னுட்டு நாலு கழட்டுவீங்க. தெரியாதா எனக்கு?”

துபாயிலிருந்து கப்பலில் வந்த பழைய ஜப்பான் கார். புகையைக் குறைப்பதற்கென்று எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு காற்றுப் பம்பு வைத்திருந்தான் அதைச் செய்தவன். அது தேய்ந்துபோய், ஒரு வருஷமாக வண்டியைக் கிளப்பினாலே அறுக்கப் பிடித்த ஆடு மாதிரி கத்திக்கொண்டிருந்தது. மட்டாஞ்சேரியில் அவர் தெரு முக்கு திரும்பும்போதே, “சிகாபிக்கா வந்தாச்சு!” என்று பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடும். அவமானத்துக்கு ஒரு அளவில்லையா?

பம்பைக் கழற்றச் சொல்லி, தெரு மெக்கானிக் ரயீஸிடம் நடையாய் நடந்து பார்த்தார். அவன் ஸ்பேனரையே கையில் எடுக்கவில்லை.

“எடுத்தா புகை டெஸ்ட்டுல பிடிச்சிடுவாங்க இக்கா.”

“அப்போ புதுசு போடுடா.”

“இந்த வண்டிக்கு இனி எங்கே கிட்டும்? சத்தம்தானே, இருந்துட்டுப் போட்டும். அது போகட்டும், இதை எடுக்கச் சொல்றது வீட்ல இத்தாவுக்குத் தெரியுமா?”

“வண்டி எனக்கா, என் பெண்டாட்டிக்கா? சுல்ஃபத்துகிட்ட சம்மதம் வாங்கிட்டா நான் போல்ட்டு கழட்டணும்?”

பயல் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான் என்பது அன்றைக்கே சிகாபுதீனுக்கு உறுதியாகிவிட்டது. அதனால்தான் தெருவை விட்டு தோப்பும்படி வரைக்கும் வண்டியைக் கொண்டுவந்தார். மனுஷனை நம்பி அவர் பட்டது போதும். கூடப்பிறந்த மூத்தவர் முகமது இஸ்மாயிலே, தம்பிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் கைநாட்டு வாங்கி, அத்தாவின் மஞ்சள் மூட்டைக் கிட்டங்கியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். ‘அந்த ஆள் என் படி மிதித்தால், அன்றோடு அந்த வீட்டில் நான் இல்லை’ என்று பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னவர் சிகாபுதீன். இப்போது கிட்டங்கியும் கைவிட்டுப் போய், மனைவியும் மவுத்தாகி, அண்ணன் அடுத்த தெருவில் ஒற்றையாய்க் கிடக்கிறார் என்று கேள்வி. கிடக்கட்டும்.

சுடலைமணி பம்பைக் கழற்றினான். ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, சின்ன பெல்ட்டாகப் போட்டு வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

“பம்பை இங்கனயே போட்டுட்டுப் போங்க பாய். ஒரு மோட்டாரைக் கோத்து மீன் தொட்டிக்குக் காத்து ஊத வெச்சிருவேன்.”

“ஓ! அதுக்குத்தான் இவ்வளவு அக்கறையா? எடு இங்கே.”

சாக்கில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுத் தெருவில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. சிகாபுதீனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சுல்ஃபத்தைத் திடுக்கிட வைக்கலாம் என்று காரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அடுக்களை ஜன்னல் பக்கமாக நடந்தார்.

உள்ளே யாரோ இருமினார்கள். ஆண் இருமல்.

“மெதுவா சாப்பிடுங்க இக்கா. இன்னும் ஒரு பத்திரி வைக்கட்டா?” சுல்ஃபத்தின் குரல்.

“வண்டி வருதான்னு பாரு சுல்ஃபத்து. போன வாரம் பாதிச் சாப்பாட்டுல, கை கழுவாம பின்வாசல் வழியா ஓடினேன். அன்னைக்கு ராத்திரியும் பட்டினி.”

“வந்தா முக்குலயே கத்தாதா? அதைத் தொட்டுடாதேன்னு ரயீஸ்கிட்ட நான் சொல்லி வெச்சிருக்கேன். அது கத்துற வரைக்கும் இது உங்க வீடு.”

ஜன்னல் கம்பி வழியே பார்த்தார். பின்னந்தலை முழுக்க நரைத்து, தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் முகமது இஸ்மாயில். வாய் அரிசிப் பத்திரியை மென்றுகொண்டிருந்தது. காது தெருப்பக்கமே சாய்ந்திருந்தது.

சிகாபுதீனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மெக்கானிக்கும் கூட்டு, பெண்டாட்டியும் கூட்டு! ஜன்னலை ஒட்டியிருந்த பின்கதவை உதைக்கக் காலைத் தூக்கினார்.

உள்ளே அண்ணன், எங்கோ ஒரு ஹாரன் கேட்டதும், மிச்சமிருந்த பத்திரியை நாலாய் மடித்து ஒரே வாயில் திணித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றார். “அது வேற வண்டி, இருங்க” என்றாள் சுல்ஃபத். மறுபடி உட்கார்ந்தார்.

தூக்கிய காலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார் சிகாபுதீன்.

ஏமாற்றினவன் ஏமாற்றினவன்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லை. பத்திரி தின்கிறதால் கைநாட்டு அழிந்துவிடாது. வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்த வழியே திரும்பி நடந்தார். அவர் காரைக் கிளப்பிப் போனது வீட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப் வாசலில் கார் திரும்ப வந்து நிற்க, சாயா கிளாஸோடு எழுந்து வந்தான் சுடலைமணி. “என்ன பாய், அதுக்குள்ள பெல்ட்டு போச்சா?”

சாக்கு மூட்டையை அவன் மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

“பழையபடி மாட்டு. முக்குலயே கேக்கணும்.”