சார்ஜரின் இரைச்சல்

இதை எனக்கு முதலில் சொன்னது என் சின்ன மகள் ஜெனிட்டா. போன தவக்காலத்தில், வேலைக்குச் சேர்ந்து முதல் பயிற்சி முடித்து வந்த அன்று சொன்னாள். ஒரு மின்கருவி பக்கத்துக் கருவியைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

ஆஸ்பத்திரி அறை ஒன்றில் ஒரு மானிட்டர் இருந்தது. கட்டிலில் கிடந்த ஒரு அம்மாவின் இதயத்தை அது கேட்டுக்கொண்டே இருக்கும். துடிப்பு நின்றால் கத்தி ஆளைக் கூப்பிடும். பார்க்க வந்த மகன் அதன் பக்கத்தில் புது சார்ஜரைச் சொருகி, போனை மாட்டிவிட்டு வெளியே போனான்.

"தம்பி, ரொம்ப இரையிறே. அந்த அம்மாவோட துடிப்பே மெல்லிசு," என்றது மானிட்டர்.

"நான் உங்களைத் தொடக்கூட இல்லையே அக்கா. நாங்க சோதனையில பாஸானவங்க."

"மின் இரைச்சலை அடக்குற சுருள் உனக்குள்ள இல்லையா?"

"எங்க கம்பெனியிலேர்ந்து மாதிரியா சோதனைக்குப் போன அண்ணனுக்கு இருந்துச்சு. பாஸானப்புறம் எதுக்குன்னு எனக்கு வைக்கல. உங்க காதைப் பாருங்க முதல்ல," என்று சிரித்தது சார்ஜர்.

மத்தியானம் அந்த இதயம் நின்றுவிட்டது. சார்ஜரின் இரைச்சலையே துடிப்பு என்று எண்ணி மானிட்டர் பேசாமல் இருந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார். திரையில் கோடு ஏறி இறங்கியது. போய்விட்டார்.

மகன் திரும்பி வந்து அம்மாவின் கையைத் தொட்டான். அது சில்லிட்டிருந்தது. யாரையாவது அழைக்க, போனைச் சார்ஜரோடு பிடுங்கினான். அப்போதுதான் மானிட்டர் கத்தத் தொடங்கியது.

நாளைக்கு ஜெனிட்டா முதன்முதலாக ஒரு கருவியைச் சோதித்துத் தானே கையெழுத்துப் போடுகிறாள். அவளுக்காக ஒரு நிமிடம் ஜெபம் பண்ணுங்கள்.