கண்ணாடித் தட்டில் ஒரு வட்டம்

"மூணு வருஷமா கடல் பஞ்சு ஆராய்ச்சியைக் கட்டிக்கிட்டு அழுற. இங்க உக்குவளையில டீச்சர் வேலை கெடைக்குது, வந்துடு மகள்," என்றார் பதுர்தீன்.

லீவில் வந்திருந்த நிஷ்மியா கைப்பேசியை நீட்டினாள். படத்தில், ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு வெற்று வட்டம்.

"அந்தப் பஞ்சுக்குள்ள வாழுற பாக்டீரியா ஒண்ணு சுரக்குற பொருள் வாப்பா. அது என்னன்னு போன கிழமைதான் கண்டுபிடிச்சோம். அதை ஒரு சொட்டு விட்ட இடத்துல கிருமி செத்துப் போச்சு."

"அப்ப மருந்தாயிடுமா?"

"அதுக்கு இன்னும் பல வருஷம் ஆகும். ஆனா இது எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி."

"அந்தக் கிருமியை எங்க புடிச்சீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆஸ்பத்திரியில ஒரு சம்மதப் பாரத்துல உங்க கையெழுத்து வாங்கினேனே... உங்க புண்ணுல இருந்து எடுத்ததுதான் வாப்பா. உங்க காலை எடுக்க வச்ச அதே கிருமி."

பதுர்தீன் அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, முழங்காலுக்குக் கீழே வெறுமையாய்த் தொங்கிய சாரத்தை ஒதுக்கிவிட்டு, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார்.

"இது வேற யாருக்கும் வரக் கூடாது. நாளைக்கு வெள்ளனவே கெளம்பு மகள். பஸ் ஹோல்ட் வரைக்கும் நானும் வாறேன்."