பிரிஸ்கில்லா டீச்சரின் ப்ளேயர்

"சி.டி.யில பாட்டு இருக்கு சார். ஆனா எம்பி3 இல்ல, வேற ஃபார்மட். என் செட்டு எடுக்காது." மைக்செட் பொம்மையன் கையை விரித்தார்.

அன்புமணி சாருக்கு முகம் வெளிறிவிட்டது. "கடையில போட்டுக் காட்டுனானே, நல்லா பாடுச்சே!"

"அது கம்ப்யூட்டர், எல்லாத்தையும் பாடும். இது பாடணுமே! மாத்திட்டு வரலாம்னா ஞாயித்துக்கிழமை எந்தக் கடை தொறந்திருக்கு?"

2005. திண்டுக்கல்லில் கும்மிப் போட்டியின் இறுதிச் சுற்று. மிஞ்சியது இரண்டே குழு. அன்புமணி சாரின் சாணார்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளி, டவுன் கான்வென்ட்.

கான்வென்ட் பிரிஸ்கில்லா டீச்சரின் கையில், அவர் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய தீப்பெட்டி அளவு ப்ளேயர்.

"டீச்சர், எங்க பாட்டையும் அதுல ஏத்த முடியுமா?" அன்புமணி சார் தயங்கிக் கேட்டார்.

"இது சொந்த ஃபார்மட்டைத் தவிர எதையும் ஏத்துக்காது சார்."

"எம்புட்டு மிதப்பு பாரு!" பின்னால் யாரோ முனகினார்கள்.

நடுவர் கறாராகச் சொன்னார்: "ஒரு குழு செட்டுப் பாட்டுக்கு, இன்னொரு குழு வாய்ப்பாட்டுக்குன்னு ஆடினா மார்க் போட முடியாது. பாட்டு இல்லாதவங்க விலகிக்கலாம்."

சாணார்பட்டிப் பிள்ளைகளில் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள்.

ஐந்து நிமிடம் கழித்து பிரிஸ்கில்லா டீச்சர் நடுவரிடம் வந்தார். "சார், எங்க ப்ளேயரும் ஓடலை."

வேறு வழியில்லை. இரண்டு குழுவும் தாங்களே பாடி ஆடின. சாணார்பட்டி கப்பைத் தட்டிக்கொண்டு போனது.

கான்வென்ட் தலைமையாசிரியை செபாஸ்தியம்மாள் வெடித்தார். "ஃபாரின் சாமானாம்! முன்னாடியே ஓட்டிப் பாக்க வேணாமா? கைக்கு வந்த கப்பைக் கோட்டை விட்டுட்டீங்களே!"

டீச்சர் ப்ளேயரைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

தலைமையாசிரியை நகர்ந்ததும், வயரைச் சுருட்டியபடி பொம்மையன் பக்கத்தில் வந்தார். "ஏன் டீச்சர், காலையில என் செட்டுல மாட்டுனப்ப கணீர்னு பாடுச்சே! எதுக்கு இந்தப் பொய்? பாவம், உங்க பிள்ளைகளுக்குல்ல கப்பு போச்சு?"

"பொய் சொல்லச் சொன்னதே அதுகதாண்ணே."

வேனில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தபோது டீச்சரின் தலை தானாக நிமிர்ந்தது.

"'அவுங்கள ஆடவே விடாம வாங்கினா, அது ஒரு கப்பா டீச்சர்'னு எட்டுப் பேரும் கேட்டுச்சுக."